வீட்டில் எஸ்பிரெஸோ: மெஷினுக்கு முன்னால் கிரைண்டரைப் பாருங்கள்

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெளியே வரும்போது, வாசல் ஓரமாக ஒருவர் பளபளவென்ற பெரிய மெஷினை வைத்துக்கொண்டு உஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருப்பார். நுரை ததும்பும் கப், மேலே தூவிய சாக்லேட் தூள். எஸ்பிரெஸோ என்ற சொல் நம்மில் பலருக்கு அறிமுகமானது அங்கேதான். அது இன்ஸ்டன்ட் தூளும் ஆவியில் பொங்கவிட்ட பாலும் சேர்ந்த காபி. எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் வீட்டுக்கு எஸ்பிரெஸோ மெஷின் வாங்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் தேடுவது வேறொன்று: மிக நைசாக அரைத்த காபித்தூளின் வழியே, நல்ல அழுத்தத்தில் சுடுநீர் அரை நிமிடத்துக்குள் பாய்ந்து, தேன் மாதிரி இழைந்து இறங்கும் கெட்டியான டிகாக்‌ஷன்.

அதற்கு இரண்டு சாமான்கள் வேண்டும். ஒன்று மெஷின், இன்னொன்று காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டர். கோயம்புத்தூர்க்காரனான எனக்குக் கிரைண்டர் என்றதும் மாவாட்டுகிற கல்தான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது காபிக் கிரைண்டரை. கடைக்குப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் மெஷினைப் பார்த்து மயங்கி, பணத்தை எல்லாம் அதில் கொட்டிவிட்டு, தூளைக் கடையில் அரைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். வழக்கமாக வாங்கும் சிக்கரி கலந்த ஃபில்டர் தூளைப் போட்டேன். முதல் நாள் கூழ் மாதிரி அடைத்துக்கொண்டு சொட்டுக்கூட இறங்கவில்லை. அப்புறம் சிக்கரி இல்லாத தூளை வாங்கிப் போட்டால் எட்டே நொடியில் தண்ணீராக ஓடிப்போனது. வாயில் வைத்தால் ஒரே புளிப்பு. மெஷினில் குறையே இல்லை. என்னிடம் கிரைண்டர் இல்லை, அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் இது நம் வீடுகளுக்குத் தெரிந்த விஷயம்தான். அம்மாயி வீட்டில் மேசை விளிம்பில் திருகி வைத்த இரும்புக் காபி மிஷின் ஒன்று இருந்தது. கொட்டையை வறுத்து டப்பாவில் வைத்திருப்பார்கள். காலையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் கைப்பிடியைச் சுற்றி அரைப்பார்கள். அரைத்த தூளைப் பொட்டலமாக வாங்கும் பழக்கம் பிற்பாடு வந்ததுதான். எஸ்பிரெஸோவுக்கு நாம் திரும்பப் போகவேண்டியது அந்த மேசை விளிம்புக்குத்தான்.

முதல் படி: உங்கள் வீட்டில் காலை எப்படி நடக்கிறது?

விலைப்பட்டியலைத் திறக்கும் முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். எத்தனை பேர் குடிக்கிறீர்கள், பால் கலந்தா கலக்காமலா, எவ்வளவு நேரத்துக்குள் கைக்கு வரவேண்டும்.

இருவர், பால் காபி, பத்து நிமிடம் என்றால் சிறிய மெஷினே தாராளம். ஆறு பேர் உள்ள கூட்டுக் குடும்பம், ஏழு மணிக்குள் எல்லோருக்கும் வேண்டும் என்றால் நான் மனதாரச் சொல்வது, பித்தளை ஃபில்டரை விடாதீர்கள். எஸ்பிரெஸோ ஒவ்வொரு கப்பாகப் போடும் காபி. ஒரு கப்புக்கு அரைத்து, நிரப்பி, அழுத்தி, இறக்கி, பால் நுரைத்து, துடைத்து முடிக்க நான்கைந்து நிமிடம் ஆகும். அதில் பிரியம் உள்ள ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும்.

பால் கலக்காமல் குடிக்கிறவர்களுக்குக் காபியின் ஒவ்வொரு குறையும் நாக்கில் தெரியும். அவர்கள் கிரைண்டருக்கு இன்னும் கூடுதலாக ஒதுக்க வேண்டும். பால் காபி கொஞ்சம் மன்னிக்கும். ஆனால் அங்கே பாலை நுரைக்கும் ஆவிக் குழாயின் வலு முக்கியமாகிவிடும்.

கொட்டைச் செலவையும் இப்போதே கணக்குப் போடுங்கள். ஒரு டபுள் ஷாட்டுக்கு, அதாவது மெஷினில் ஒருமுறை இறக்கும் இரட்டை அளவு எஸ்பிரெஸோவுக்கு, 18 கிராம். இருவர் தினம் ஒரு வேளை குடித்தால் 36 கிராம், மாதத்துக்கு ஒரு கிலோவைத் தாண்டும். 250 கிராம் பாக்கெட் ஒரு வாரத்தில் காலி.

இரண்டாம் படி: ஐந்து எண்கள்

18 கிராம் தூள் உள்ளே. 36 கிராம் காபி வெளியே. 25 முதல் 30 நொடி. 9 பார் அழுத்தம். தண்ணீர் 93 டிகிரியை ஒட்டி. எஸ்பிரெஸோ என்பது ஏறக்குறைய இவ்வளவுதான். ஒவ்வொரு கொட்டைக்கும் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். தொடங்கும் இடம் இது.

இதில் ஏமாறும் இடம் அழுத்தம். பெட்டியின் மேல் 15 பார், 20 பார் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பம்ப் தள்ளக்கூடிய உச்ச அளவு. தோட்டக் குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் சும்மா கொட்டும். வாயில் கட்டைவிரலை வைத்தால்தான் பீய்ச்சி அடிக்கும். எஸ்பிரெஸோவில் அந்தக் கட்டைவிரல் தூள்தான். தூள் தகுந்த நைசாக இல்லையென்றால் 15 பார் பம்பானாலும் அழுத்தம் ஏறாது. அதனால்தான் கிரைண்டர், கிரைண்டர் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

9 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1901இல் மிலானில் லூயிஜி பெஸேரா காப்புரிமை வாங்கிய மெஷின் ஆவி அழுத்தத்தில் ஓடியது. ஒன்றரை பார் கிடைத்தாலே அதிகம். காபியும் தீய்ந்த வாசத்தோடு வரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அக்கீலே காஜ்ஜியா சுருள்வில் கட்டிய நெம்புகோலைக் கொண்டுவந்தார். அழுத்தம் பல மடங்கு ஏறியது. காபியின் மேல் பொன்னிற நுரை, அதாவது கிரெமா, அப்போதுதான் பிறந்தது. 1961இல் ஃபயேமா நிறுவனத்தின் ஈ61 மெஷினில் கையால் இழுக்கும் வேலையை மின்பம்ப் எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் விலை கூடிய வீட்டு மெஷின்கள் பலவற்றில் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் கனத்த குழல், அதே ஈ61 வடிவம்தான்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் நாலாயிரம், ஐயாயிரத்துக்கு 'எஸ்பிரெஸோ மேக்கர்' என்று, 4 பார் எனப் போட்டு, பம்பே இல்லாத ஆவி மெஷின்கள் கிடைக்கின்றன. அவை பெஸேரா காலத்து முறை. அந்தப் பணத்தில், அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோகா பாட் ஒன்றை வாங்கி, மிச்சத்தைக் கிரைண்டருக்குச் சேமியுங்கள். காபி இன்னும் நன்றாக இருக்கும்.

மூன்றாம் படி: கிரைண்டர்

மிக்ஸி மாதிரி பிளேடு சுழலும் கிரைண்டரை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பிளேடு வெட்டும், ஒரே அளவாக அரைக்காது. ரவையும் மாவும் கலந்து கிடக்கும். மாவு அளவில் உள்ளது கசப்பைக் கொடுக்கும், ரவை அளவில் உள்ளது புளிப்பைக் கொடுக்கும், இரண்டும் ஒரே கப்பில் வரும். வேண்டியது பர் கிரைண்டர். பல் வைத்த இரண்டு உருக்கு வட்டங்களுக்கு நடுவே கொட்டை நசுங்கி இறங்கும். இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால் தூளின் அளவு மாறும். அம்மாயி வீட்டு மிஷினும் இந்த வகைதான்.

எஸ்பிரெஸோவுக்கு இன்னொரு தேவை இருக்கிறது: இடைவெளியை மிகச் சிறு அடிகளில் மாற்ற முடிய வேண்டும். ஃபில்டர் காபிக்கு ஒரு படி முன்னே பின்னே போனால் யாருக்கும் தெரியாது. எஸ்பிரெஸோவில் மயிரிழை மாறினாலும் 28 நொடியில் இறங்கியது 20 நொடியில் ஓடிவிடும். கிரைண்டர் வாங்கும்போது 'எஸ்பிரெஸோவுக்கு அரைக்குமா' என்று மட்டும் கேட்காதீர்கள்; எல்லோரும் அரைக்கும் என்றுதான் சொல்வார்கள். 'ஒரு கிளிக்குக்கு எத்தனை மைக்ரான் நகரும்' என்று கேளுங்கள். கிளிக் என்பது திருகும்போது நகரும் ஒரு சிறு அடி, மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கைக் கிரைண்டர்களில் கிங்கிரைண்டர் கே6 ஒரு கிளிக்குக்கு 16 மைக்ரான் நகரும். ஒன்ஜீபிரெஸோ ஜே-அல்ட்ரா 8 மைக்ரான். 16 என்பது எஸ்பிரெஸோவுக்குப் போதும், கொஞ்சம் இறுக்கம்தான். இரண்டு கிளிக்குக்கு நடுவில் ருசி மாட்டிக்கொண்டால் தூளின் எடையை அரை கிராம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டலாம். 20 மைக்ரானைத் தாண்டிப் போனால் எஸ்பிரெஸோவுக்கு நான் வாங்கமாட்டேன்.

கையா, மின்சாரமா? ஒரே விலையில் கைக் கிரைண்டர் நன்றாக அரைக்கும், ஏனென்றால் மோட்டாருக்குப் போகிற பணம் பர்ருக்குப் போகிறது. பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் கைக் கிரைண்டரின் அரவைக்கு இணையாக வேண்டுமென்றால் மின்சாரக் கிரைண்டருக்கு அதைப்போல இரண்டு மடங்காவது எண்ணி வைக்க வேண்டும். 18 கிராம் அரைக்க ஒரு நிமிடம் பிடிக்கும். தினம் இரண்டு கப் என்றால் கை வலிக்காது. நான்கு கப் என்றால் மூன்றாம் வாரமே அலுப்பு தட்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வீட்டில் அரைப்பார்கள் என்றால் இந்த யோசனையே வேண்டாம்.

மின்சாரக் கிரைண்டரில் பராட்ஸா என்கோர் ஈஎஸ்பி நம் வீடுகளுக்கு ஒத்துவரும் ஒரு நல்ல வடிவம். அதன் 40 நிலைகளில் முதல் 20 எஸ்பிரெஸோவுக்காக நெருக்கமாக அமைத்தவை, மீதி ஃபில்டருக்கு. ஒரே கிரைண்டரில் இரண்டு காபியும் போடலாம். எஸ்பிரெஸோ மட்டும்தான் என்றால் யுரேகா மின்யோன் வரிசை. படிகளே இல்லாமல் குமிழைத் திருகித் திருகி நுணுக்கமாக மாற்றலாம். அதற்கு மேலே 64 மி.மீ. தட்டைப் பர் வைத்த டிஎஃப்64, 63 மி.மீ. கூம்புப் பர் வைத்த நீஷ் ஸீரோ எல்லாம் இருக்கின்றன. கூம்புப் பர் பாலுக்கு ஏற்ற கனத்தையும் உருண்டையான ருசியையும் கொடுக்கும். தட்டைப் பர் ருசிகளைப் பிரித்துக் காட்டும். பால் காபி வீட்டுக்கு நான் கூம்பையே சொல்வேன்.

மேலே பெரிய கூடை வைத்து அரைக் கிலோ கொட்டையைக் கொட்டி வைக்கும் வகையும் உண்டு. கடைகளுக்கு அது சரி. வீட்டில், அதுவும் நம் வெயிலிலும் புழுக்கத்திலும், கொட்டை அங்கேயே கிடந்து வாசம் போய்விடும். ஒவ்வொரு முறையும் 18 கிராம் எடைபோட்டுப் போடுகிற வகையைப் பாருங்கள். அரைத்தபின் உள்ளே எவ்வளவு தூள் தங்குகிறது என்பதையும் பாருங்கள்: 18 போட்டு 17.8 வந்தால் நல்லது. 16 வந்தால் நேற்றைய தூளையும் கொஞ்சம் சேர்த்துத்தான் இன்று குடிக்கிறீர்கள்.

நான்காம் படி: மெஷின்

முதலில் பாஸ்கெட்டைப் பாருங்கள், அதாவது தூள் போடும் சிறு கிண்ணம். விலை குறைந்த மெஷின்களில் அடிப்பகுதி இரட்டைச் சுவராக இருக்கும். உள்ளே நிறைய ஓட்டை, வெளியே ஒரே ஒரு பொடி ஓட்டை. தூள் எப்படி இருந்தாலும் அந்தச் சிறு துளை அழுத்தத்தை உண்டாக்கி நுரையைக் கக்கும். கிரெமா மாதிரி தெரியும், ருசியில் இருக்காது. ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில் தூள்தான் அழுத்தத்தை உண்டாக்க வேண்டும். நல்ல கிரைண்டரின் பலன் இதில்தான் கிடைக்கும். வாங்கும் மெஷினுக்கு ஒற்றைச் சுவர் பாஸ்கெட் கூடவே வருகிறதா, தனியாகவாவது கிடைக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து பாஸ்கெட்டின் விட்டம். 58 மி.மீ. என்பது கடை மெஷின்களின் அளவு. காஜ்ஜியா கிளாசிக், ரன்சிலியோ சில்வியா இரண்டிலும் அதுதான். தூளை அழுத்தும் டேம்பர், பாஸ்கெட், சல்லடை எது வேண்டுமானாலும் எங்கும் கிடைக்கும். பிரெவில் பாம்பினோ 54. டெலோங்கி டெடிகா போன்ற ஒல்லி மெஷின்கள் 51. சின்ன விட்டத்திலும் நல்ல காபி போடலாம். உதிரி சாமான் தேட மட்டும் கொஞ்சம் அலைய வேண்டும்.

பிறகு தண்ணீரை எது சூடாக்குகிறது என்பது. உங்கள் காலைப் பொழுது எப்படி நகரும் என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

தெர்மோபிளாக் வகையில் பாய்லர் கிடையாது. சூடான உலோகக் குழாய் வழியே தண்ணீர் ஓடும்போதே சூடாகும். பாம்பினோவில் மூன்று நொடியில் தயார் என்கிறார்கள். பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டர் குளிர்ந்திருக்கும் என்பதால் ஒருமுறை வெறும் சுடுநீர் ஓட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. ஆபீசுக்கு ஓடுகிறவர்களுக்கு இந்த வகைதான் பொருந்தும். எதிர்பக்கம், பழுதானால் உள்ளே பிரித்துச் சரிசெய்வது கடினம்.

ஒற்றை பாய்லர் வகையில் காஜ்ஜியா கிளாசிக்கும் சில்வியாவும் பெயர் பெற்றவை. முன்னது 1991இலிருந்தும் பின்னது 1997இலிருந்தும் ஏறக்குறைய அதே உருவத்தில் வருகின்றன. கனமான பித்தளை, எளிய வயரிங், திருகாணி போட்ட உடம்பு. பழக்கமுள்ள ஒரு எலக்ட்ரீஷியனால் திறந்து பார்க்க முடியும். எனக்கு இந்த வகைமேல் தனிப் பிரியம் உண்டு. நம் ஊரில் சர்வீஸ் சென்டர் தொலைவில் இருக்கும்போது பிரித்து மாட்ட முடிகிற மெஷினே தைரியம் தரும். ஆனால் காபிக்கு 93, ஆவிக்கு 130க்கு மேல் என ஒரே பாய்லர் ஏறி இறங்க வேண்டும். ஷாட் இறக்கி, ஆவி பொத்தானைப் போட்டுக் காத்திருந்து, பால் நுரைத்து, மறுபடி பாய்லரைக் குளிரவைத்து அடுத்த ஷாட். இருவருக்குச் சரி, நால்வருக்குப் பொறுமை போய்விடும். உள்ளே எல்லாம் சூடேற 15 நிமிடமாவது கொடுக்க வேண்டும். வெப்பநிலையை நிலையாகப் பிடிக்கும் பிஐடி கட்டுப்பாடு இருந்தால் கூடுதல் பணம் கொடுக்கத் தகும், முக்கியமாகப் பால் இல்லாமல் குடிக்கிறவர்களுக்கு.

ஹீட் எக்ஸ்சேஞ்சர், இரட்டை பாய்லர் வகைகளில் காபியும் ஆவியும் ஒரே நேரத்தில் நடக்கும். விலை லட்சத்தைத் தொடும், இடத்தை அடைக்கும். ஈ61 குழல் இருந்தால் சூடேற அரைமணி நேரம். தினமும் நான்கைந்து பால் காபி போகிற வீட்டுக்குத்தான் இது நியாயம்.

கையால் இழுக்கும் நெம்புகோல் மெஷின்களை யாரும் யோசிப்பதில்லை, யோசிக்க வேண்டும். ஃப்ளேர், கஃபேலாட் ரோபோ போன்றவற்றுக்கு மின்சாரமே வேண்டாம். கெட்டிலில் கொதிக்க வைத்து ஊற்றி, கையால் அழுத்தினால் 9 பார் வரும். பம்ப் இல்லை, போர்டு இல்லை, ரப்பர் வளையத்தைத் தவிர கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ஆவிக் குழாய் கிடையாது, அதனால் பாலை அடுப்பில்தான் காய்ச்ச வேண்டும். பால் கலக்காமல் குடிக்கிற ஒருவருக்கு, குறைந்த செலவில் உயர்ந்த காபி வேண்டுமென்றால், நான் காட்டும் வழி இது: நல்ல கைக் கிரைண்டர், கூடவே நெம்புகோல்.

கிரைண்டரும் மெஷினும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டிகளும் உண்டு. இடம் மிச்சம், பார்க்க அழகு. ஆனால் ஒன்று பழுதானால் இரண்டும் சர்வீசுக்குப் போகும். பிற்பாடு கிரைண்டரை மட்டும் உயர்த்த முடியாது. தனித்தனியாக வாங்குவதே என் பரிந்துரை.

பணத்தைப் பிரிப்பது பற்றி: கையில் 50,000 இருந்தால் 20,000ஆவது கிரைண்டருக்கு. 30,000 என்றால் 12,000 கைக் கிரைண்டருக்கும் மீதி சின்ன தெர்மோபிளாக் மெஷினுக்கும். 15,000தான் என்றால் முழுவதையும் கிரைண்டரில் போட்டு, இப்போதைக்குப் பித்தளை ஃபில்டரையோ மோகா பாட்டையோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பிளக்கும் தண்ணீரும்

வீட்டு மெஷின்கள் பலவும் 1,300லிருந்து 1,600 வாட் வரை இழுக்கும். சமையலறை மேடைமேல் மிக்ஸிக்கு வைத்த சின்ன 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 230 வோல்ட்டில் 1,380 வாட்தான். மெஷின் வைக்கப்போகும் இடத்தில் 16 ஆம்பியர் பெரிய பிளக் இருக்கிறதா என்று வாங்கும் முன்னால் பாருங்கள். கன்வெர்ட்டர் பிளக் போட்டுச் சமாளிப்பது ஆபத்து, சூடேறி உருகும். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டவும் முயலாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் 'அங்கே விலை குறைவு, வரும்போது எடுத்து வருகிறேன்' என்பார். அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் சூடாக்கும் கம்பி ஏறக்குறைய நான்கு மடங்கு சக்தியை இழுத்து அந்த நொடியே எரியும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் பம்ப் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, நம் 50 ஹெர்ட்ஸில் சரியாக ஓடாது. சிங்கப்பூர், துபாய், லண்டனில் இருந்து வந்தால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மாற்றினால் போதும். ஆனால் வாரன்ட்டி இங்கே செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைக் கிரைண்டர் என்றால் எந்த நாட்டில் இருந்தும் சந்தோஷமாக வரவழைக்கலாம்.

தண்ணீர்தான் மெஷினின் ஆயுள். போர்வெல் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். வாளியிலும் ஹீட்டரிலும் படிகிற அதே வெள்ளைக் காரை, மெஷினுக்குள் மயிரளவு குழாய்களில் படியும். உப்பில் உள்ள குளோரைடு எஃகையும் அரிக்கும். சரி, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு, 20, 30 என்று இறங்கிய தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். தண்ணீர் மட்டத்தைக் கம்பி வைத்து அறியும் பாய்லர்களில் உப்பே இல்லாத தண்ணீர் அந்தக் கம்பிக்குத் தெரியாது. டி.டி.எஸ். 75லிருந்து 250க்குள், 150ஐ ஒட்டி இருந்தால் காபிக்கு நல்லது. ஆர்.ஓ. மாட்டுகிறவர்கள் பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கிக் காட்டுவார்களே, அது சில நூறு ரூபாய்தான், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. 30, கார்ப்பரேஷன் தண்ணீர் 300 என்று வந்தால், ஆர்.ஓ. இரண்டு பங்குக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 120. எங்கள் வீட்டில் சிறுவாணி வருகிற நாளில் அதையே வடிகட்டி ஊற்றுகிறேன். தண்ணீரே இனிக்கும் ஊரில் காபிக்குக் கேட்கவா வேண்டும்.

ஆறாம் படி: சின்னச் சாமான்கள்

0.1 கிராம் காட்டும் தராசு கட்டாயம். கண்ணால் அளந்து எஸ்பிரெஸோ போட முடியாது. மெஷினோடு வரும் பிளாஸ்டிக் டேம்பரை மாற்றி, பாஸ்கெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் உலோக டேம்பர் வாங்குங்கள். பால் நுரைக்க 350 மி.லி. ஜக். தூள் கட்டியைக் கலைக்க மெல்லிய ஊசிகள். ஒரு கார்க்கில் நாலைந்து குத்தினால் வேலை முடிந்தது. மீதி எல்லாம் பிறகு பார்க்கலாம்.

கொட்டை வாங்கும்போது சிக்கரி இல்லாததா, வறுத்த தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வறுத்த ஒரு வாரம் கழித்துத் திறந்து ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். புதிதாக வறுத்ததில் வாயு அதிகம், ஷாட் பொங்கிச் சீராக இறங்காது. நம் நாக்குக்கு நடுத்தரமும் அதைத் தாண்டிய கறுப்பு வறுவலும் பழக்கமானவை. இளவறுவலில் பழப் புளிப்பு தூக்கலாக இருக்கும். அதைச் சரியாக இறக்கக் கிரைண்டரும் மெஷினும் இன்னும் உயர்ந்ததாக இருக்க வேண்டும். பாலுக்கு அராபிகா எழுபது, ரோபஸ்டா முப்பது என்ற கலவை அருமையாக நிற்கும். ரோபஸ்டாவை மட்டமாக நினைக்காதீர்கள். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி, அவர்களுடைய எஸ்பிரெஸோ கலவைகளில் நம் ரோபஸ்டாவும் போகிறது.

ஏழாம் படி: முதல் வாரம்

முதல் பாக்கெட் பழகுவதற்கே போகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மெஷினைப் போர்ட்டாஃபில்டர் மாட்டியபடியே சூடேற்றுங்கள். 18 கிராம் அரைத்து, ஊசியால் கட்டி கலைத்து, சமமாக்கி, டேம்பரை நேராக வைத்து அழுத்துங்கள். எவ்வளவு பலமாக என்பதைவிட நேராக என்பது முக்கியம். சாய்ந்தால் தண்ணீர் மெல்லிய பக்கமாக ஓடிவிடும். கீழே தராசு, அதன்மேல் கப். பம்ப் போட்டதும் நொடி எண்ணத் தொடங்கி, 36 கிராம் வந்ததும் நிறுத்துங்கள்.

15 நொடியில் முடிந்து, புளித்துத் தண்ணீராக இருந்தால் இன்னும் நைசாக அரையுங்கள். 45 நொடி சொட்டி, கசந்து நாக்கு வறண்டால் கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான். அரவையையும் எடையையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் பாக்கெட்தான் தீரும். மூன்று, நான்கு ஷாட்டில் 25லிருந்து 30 நொடிக்குள் வந்து நிற்பீர்கள். அதற்குப் பிறகு கடிகாரத்தை விட்டுவிட்டு நாக்கைக் கேளுங்கள். புதுப் பாக்கெட் திறந்தால் மறுபடி ஒரு கிளிக், இரண்டு கிளிக். மழைக்காலத்திலும் ஓட்டம் மாறுவதை எங்கள் வீட்டில் பார்க்கிறேன்.

பாலை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து அப்படியே நுரைக்க வேண்டும். காய்ச்சி ஆறவைத்த ஏடு படிந்த பால் சரியாக வராது. பாக்கெட் பால் பாஸ்டரைஸ் செய்தது, பயமில்லை. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு. காபி கெட்டியாக, வழவழப்பாக நிற்கும். நீலத்தில் 3 சதவீதம். நுரை எளிதாக எழும், கனம் குறைவு. ஆவிக் குழாயின் நுனியைப் பாலின் மேல்பரப்பை ஒட்டி வைத்து முதல் சில நொடி மட்டும் காற்றை உள்ளே விடுங்கள். பிறகு கொஞ்சம் ஆழமாக்கிப் பாலைச் சுழலவிடுங்கள். 60லிருந்து 65 டிகிரியில் பால் இனிப்பாக இருக்கும் என்பார்கள். அப்படிப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏன் கண்ணு, ஆறிப்போச்சா?" என்றார். நாக்குச் சுடச்சுடக் குடித்துப் பழகியவர்களுக்கு 70 வரை கொண்டுபோங்கள், டம்ளரையும் சுடுநீரில் சூடாக்கி வையுங்கள். அதற்கு மேல் போனால் நுரை உடைந்து, காய்ந்த பால் வாசம் வந்துவிடும்.

ஆவிக் குழாயை நுரைத்த கையோடு ஈரத்துணியால் துடைத்து, ஒருமுறை ஆவி விட்டு மூடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் துடைக்கலாம் என்று விட்டால் பால் உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஓட்டையே இல்லாத அடைப்பு பாஸ்கெட் போட்டு உள்ளே கழுவும் முறை, ஷாட் முடிந்ததும் அழுத்தத்தை வெளியேற்றும் சோலினாய்டு வால்வு உள்ள மெஷின்களுக்கு மட்டும். கையேட்டில் சொல்லியிருந்தால் செய்யுங்கள். காரை நீக்கும் மருந்தையும் கையேடு சொல்கிறபடியே போடுங்கள், உள்ளே அலுமினியமா எஃகா என்பதைப் பொறுத்து அது மாறும். கிரைண்டருக்கு மாதம் ஒருமுறை பிரஷ். தண்ணீர் படவே கூடாது.

வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் கிரைண்டர், தராசு, நல்ல கொட்டை. இரண்டு மாதம் அதிலேயே பித்தளை ஃபில்டருக்கு அரைத்துப் போடுங்கள். கை பழகும், வீட்டுக்காரர்களுக்கும் வித்தியாசம் தெரியும், மெஷினுக்குப் பணமும் சேரும். மெஷின் வந்தபின் அரவையை எஸ்பிரெஸோவுக்கு மாற்றும் முன்னால் ஃபில்டருக்கு எத்தனை கிளிக்கில் இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கிரைண்டரின் அடியில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டியிருக்கிறேன். மேலே எனக்கான எண், கீழே அம்மாவின் ஃபில்டருக்கான எண்.